தையல்காரர் முதுகில் மண்

புத்தூர் ரயில் நிலையத்துக்கு எதிர் வரிசையில் தையல் கடை வைத்திருந்த சம்பத்துக்கு இரண்டு விஷயத்தில் கர்வம் உண்டு. அவன் வெட்டிய சட்டையின் கழுத்து எவருக்கும் பின்னால் தூக்கிக்கொண்டு நிற்காது. குத்துச்சண்டை மேடையில் அவன் முதுகு ஒருநாளும் தரையைத் தொட்டதில்லை. முதல் கர்வம் சோறு போட்டது. இரண்டாவது கர்வம் ஆறு வருஷம் வீட்டில் நிம்மதியைக் கெடுத்தது. அது எப்படிக் கெடுத்தது, எப்படித் தீர்ந்தது என்பதுதான் கதை.

யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு உடுப்புத் தைக்கப் பெங்களூர் போனவன் சம்பத். போன இடத்தில் ஊசியோடு நிற்காமல் கையுறையும் மாட்டிக்கொண்டான். ஒல்லி உடம்பு, நீண்ட கை, ஓரிடத்தில் நிற்காத கால். இவற்றைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைக்கார அதிகாரி அவனை மேடையில் ஏற்றினார். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கடைக்குப் பின்னால் வேப்ப மரக்கிளையில் ஒரு கோணி மூட்டை தொங்கியது. உள்ளே முழுக்கத் தைத்து மிஞ்சிய வெட்டுத் துணி. விடிந்ததும் அதை நாலு சாத்து சாத்திவிட்டுத்தான் மிஷினைத் தொடுவான். அளவெடுக்கும்போது தெலுங்குக்காரரிடம் “செய்யெத்தண்டி” என்பான், தமிழ்க்காரரிடம் “கைய தூக்கு நைனா” என்பான். அவர் கையைத் தூக்கியதும், “பாரு, இந்த வெலாவுல ஒன்னு வுட்டா மனுசன் காலி” என்று விரலால் தொட்டுக் காட்டுவான். சட்டை தைக்க வந்தவர் சற்றுத் தள்ளி நின்றுகொள்வார்.

சண்டை என்றால் நின்று போடுவது, கீழே விழுந்து உருள்வது நாய்கள் வேலை என்பது அவன் கட்சி. இன்னொன்றும் சொல்வான். எதிரி விழுந்துவிட்டால் அவனைத் தொடக் கூடாது. தள்ளிப் போய் நிற்க வேண்டும். அவன் எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். பட்டாளத்தில் கற்ற பாடங்களில் அதைத்தான் பெரிதாக மதித்தான். மதித்ததில் தப்பில்லை. எங்கே போய் மதித்தான் என்பதில்தான் வினை வந்தது.

அவனுக்கு வாய்த்த பெண் தாட்சாயணி. திருத்தணித் தாலுக்காவில் ஒரு சிற்றூர். வேர்க்கடலையும் நெல்லும் பயிரிடும் குடும்பம், ஆனால் அக்கம்பக்கத்தில் அவர்களைப் பயில்வான் வீடு என்றால்தான் தெரியும். வீட்டுக்குப் பின்னால் மாமரங்களுக்கு நடுவே குஸ்திக் கோதா. செம்மண்ணைச் சலித்து, நல்லெண்ணெயும் மோரும் மஞ்சளும் விட்டுப் பிசைந்து, வேப்பிலை போட்டுக் கொத்திக் கொத்தி மாவுபோல வைத்திருப்பார்கள். அவளுடைய அண்ணன் சந்திரன்தான் அப்போது அதற்கு எஜமான். குட்டையான ஆள், கழுத்து எங்கே முடிகிறது தோள் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. நின்றுகொண்டு போடுவதெல்லாம் முகவுரை, மண்ணில் இறங்கிய பிறகுதான் விஷயமே ஆரம்பம் என்பது அவன் கட்சி. இப்படி ஒருவன் தங்கையை இப்படி ஒருவன் கட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

தாலி கட்டியது சென்னை ராஜ்யத்தில், தலைப்பொங்கல் ஆந்திர ராஜ்யத்தில். நடுவில் யாரும் ஊரைவிட்டு ஓரடி நகரவில்லை. ஆந்திரா தனியாகப் பிரிந்ததில் ராஜ்யம்தான் நகர்ந்தது.

பயில்வான் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தலைப்பொங்கலுக்கு வரும் மாப்பிள்ளை கோதாவில் இறங்க வேண்டும். பெண்ணின் அண்ணன் அவனைப் பிடித்துச் சாய்த்து, முதுகில் மண் ஒட்டவைப்பான். பிறகு அந்த அண்ணனே வெந்நீர் ஊற்றி, தன் கையால் அந்த முதுகைத் தேய்த்துக் கழுவுவான். அதோடு மாப்பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. ஜெயித்த மாப்பிள்ளை என்று யாரும் கிடையாது, தோற்ற மாப்பிள்ளை என்றும் கிடையாது. வெற்றிலை மெல்லும் நேரத்தில் முடிகிற காரியம்.

“வெளையாட்டுதான்யா, போய் எறங்கு” என்று மட்டும் சொல்லியிருந்தாள் தாட்சாயணி.

சம்பத் விளையாட்டுக்குக்கூட விளையாட்டாக இறங்குகிறவன் இல்லை. முஷ்டியை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு குதிகால் தூக்கி ஆடினான். வரப்பில் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். சந்திரன் சிரித்தபடி ஒரு முழங்கால் மண்ணில் பட, இரண்டு கையும் தாழ, அவன் காலைப் பிடிக்கத் தாழ்வாக வந்தான். எதிராளி மண்ணில் முழங்கால் ஊன்றியதைப் பார்த்த சம்பத் என்ன செய்தான்? கையை இறக்கினான், பின்னால் நகர்ந்தான், கோதாவின் மூலைக்குப் போய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

சந்திரனுக்குப் புரியவில்லை. கூச்சப்படுகிறான் போல என்று மறுபடி தாழ வந்தான். சம்பத் மறுபடி ஒதுங்கினான். மூன்றாவது முறையும் ஒதுங்கியபோது வரப்பில் சிரிப்பு நின்றுவிட்டது. சந்திரன் பாய்ந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் போட்டான். சம்பத் குப்புற விழுந்தான். முதுகில் மண் ஒட்டவேண்டும் என்றால் புரட்ட வேண்டும், புரட்ட வேண்டும் என்றால் மேலே ஏற வேண்டும். சந்திரன் ஏறினான்.

“வுயுந்தவன் மேல ஏறுறியே, நீயெல்லாம் ஆம்பளையா?” என்று மண்ணைத் துப்பிக்கொண்டு கத்தினான் சம்பத்.

சந்திரனின் கை அப்படியே நின்றது. பிடியை விட்டு எழுந்து வீட்டுக்குள் போனான். அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த வெந்நீர் அங்கேயே ஆறியது. சம்பத் கிணற்றடியில் தானே நாலு வாளி சேந்தி ஊற்றிக்கொண்டான்.

“உன் ஊட்டுக்காரருக்கு நம்ம மண்ணு ஒட்டக் கூடாதாம். நம்ம ஒடம்பும் படக் கூடாதாம். வெள்ள சட்டக்காரரு பாரு” என்றான் சந்திரன் தங்கையிடம்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது தாட்சாயணி கேட்டாள்: “ஏன்யா அப்பிடி ஒதுங்கி ஒதுங்கிப் போன?”

“கீழ கெடக்கறவன்கிட்ட வேற இன்னா செய்வாங்க?” என்றான் சம்பத்.

மரியாதையைத்தான் சொன்னான். அவள் காதில் அது திமிராக விழுந்தது. அதற்குமேல் அவள் கேட்கவில்லை, அவனும் விளக்கவில்லை. விழுந்தவன்மேல் ஏறி உட்கார்ந்த முரடன் என்று இவன் மனதில் சந்திரன் தங்கிவிட்டான். தொடக்கூட அருவருத்த துரை என்று சந்திரன் மனதில் இவன் தங்கிவிட்டான். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் தத்தம் சட்டத்தை அணுவளவும் மீறாதவர்கள். அப்படிப்பட்ட இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால் சமாதானம் செய்துவைக்க ஆளே கிடைப்பதில்லை.

பெண் குழந்தை பிறந்தது. திருச்சானூர்த் தாயார் பெயரையே வைத்தார்கள், அலர்மேல்மங்கை. பொங்கல் வரிசை அண்ணன் வீட்டிலிருந்து வருஷம் தவறாமல் வந்தது, ஆனால் வண்டிக்காரன்தான் கொண்டுவந்து இறக்கினான். குழந்தைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் வாசலை மிதிக்கவே மாட்டேன் என்கிறான், மடிக்கு எங்கே போவது?

“உங்க சித்தப்பா மவன் கீறான், அவன் மடில குந்த வச்சிக் குத்திடலாம்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான் சம்பத்.

“மாமன் உசுரோட கீறப்போ மடிய எரவல் வாங்கணுமா?” என்றாள் தாட்சாயணி. அன்றிரவு அவன் தட்டில் குழம்பு குறைவாகத்தான் விழுந்தது.

குழந்தைக்கு ஐந்து நடக்கத் தொடங்கியும் காது மூளியாகவே இருந்தது. கடைக்கு வரும் பெண்கள் எல்லாம் அதன் காதைப் பார்த்துவிட்டுப் பிறகு தாட்சாயணியின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் குழந்தையின் தலைமுடியை இழுத்துக் காதை மூடிவிடுவாள்.

அதற்குள் எல்லைப் பேச்சு சூடு பிடித்தது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று தையல் கடையில் தினமும் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் திருத்தணி சென்னைக்குப் போகிறது, புத்தூர் ஆந்திராவிலேயே இருக்கிறது என்று முடிவாகிவிட்ட செய்தி வந்தது. இனிமேல் ரயிலில் போனால் நடுவில் இறக்கிவிட்டுச் சோதனை போடுவார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டான். வெறும் புரளிதான், ஆனால் தாட்சாயணி அதை நம்பிவிட்டாள்.

“இத்தினி நாளு ஒரே ராஜ்ஜியத்துல இருந்துகினே எங்க அண்ணன் வர்ல. நாளைக்கு வேற ராஜ்ஜியம் ஆய்ட்டா வருவானா? எம் பொண்ணு காது இப்பிடியே போயிடும்” என்று அழுதாள். சம்பத்துக்கு அவள் அழுதால் தாங்காது. ஆனாலும் என்ன செய்வதென்று தெரியாமல் வேப்ப மரத்தடிக்குப் போய்க் கோணி மூட்டையைக் குத்தினான்.

அந்த மார்கழியில் பாகாலா ஜங்ஷனில் சில ரயில்வே ஆட்கள் சேர்ந்து குத்துச்சண்டைப் பந்தயம் நடத்தினார்கள். மேடை ஏறுகிற இரண்டு பேருக்கும் பட்டு நிஜார் தைத்துக் கொடுத்தது சம்பத்துதான். தையல்காரர் குடும்பத்தோடு வரவேண்டும் என்று கூப்பிட்டார்கள். தாட்சாயணி அதுவரை இந்தச் சண்டையைக் கண்ணால் கண்டதில்லை. புருஷன் மூட்டையைக் குத்துவதைத்தான் பார்த்திருக்கிறாள், மூட்டை திருப்பிக் குத்தாது.

மாலை வெயிலில் நாலு கம்பம் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி பார்த்தாள். சிவப்பு நிஜார்க்காரன் தாடையில் ஒன்று விழுந்தது. முழங்கால் மடிந்து கீழே போனான். அடித்த நீல நிஜார்க்காரன் உடனே கையை இறக்கினான், பின்னால் நகர்ந்தான், மூலைக்குப் போய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். நடுவர் குனிந்து ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்.

தாட்சாயணி சம்பத்தின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

“யோவ், அவன் ஏன்யா அங்க போறான்?”

“வுயுந்தவன் எய்ந்திருக்கற வரைக்கும் தள்ளித்தான் நிக்கணும். பத்து எண்ணுவாங்க. அதுக்குள்ள எய்ந்தா திரும்ப சண்ட, எய்ந்திருக்கலன்னா தோத்துட்டான். நடுவுல தொட்டா அசிங்கம். அதான் மருவாதி.”

“எங்க அண்ணன்கிட்ட நீ செஞ்சது இதா?”

“வேற இன்னான்னு நென்ச்ச? மூணு தபா மருவாதி குடுத்தேன் அந்த ஆளுக்கு. அவரு இன்னாடான்னா மேல ஏறிக் குந்திக்கினாரு.”

சிவப்பு நிஜார்க்காரன் எழுந்திருக்கவில்லை. “அய்போயிந்தி, அய்போயிந்தி” என்று கூட்டம் தெலுங்கில் கூவியது, எல்லாம் முடிந்தது என்று. தாட்சாயணி அந்த இரைச்சலுக்கு நடுவே சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டையும் சேர்த்தே செய்தாள். பக்கத்திலிருந்தவர்கள் அடிவாங்கியவன் பெண்சாதி போல என்று நினைத்து இரக்கப்பட்டார்கள்.

திரும்பும் ரயிலில் அவள் அவனுக்கு நிதானமாகச் சொன்னாள். “எங்க ஊட்ல கீழ எறங்கறவன் வுயுந்தவன் இல்லய்யா. புடிக்க வர்றவன். கட்டிப் புடிக்க வர்றவன்கிட்டேந்து மூணு தபா ஒதுங்கிப் போய் மூஞ்சியத் திருப்பிக்கினா அவனுக்கு எப்பிடி இருக்கும்? மேல ஏறினது உன்ன அமுக்கறதுக்கு இல்ல. உன் முதுவத் திருப்பி மண்ணு வெக்கத்தான். அத வெச்சாத்தான நீ எங்க ஊட்டுப் புள்ள.”

சம்பத் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். காது மடல் சிவந்திருந்தது. ஆறு வருஷமாகத் தான் கொடுத்த மரியாதை எதிராளிக்கு எச்சில் துப்பியதுபோலப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் யாருக்குத்தான் வெட்கமாக இருக்காது? ஆனால் கர்வம் ஒரே ரயிலில் இறங்கிவிடுமா?

“அதுக்காவ நான் போய் மல்லாக்கப் படுத்துக்கணுமா?” என்றான் புத்தூர் வந்ததும்.

“படுக்க வேணாம். புடி குடு, போதும்” என்றாள்.

மறுவாரம் அவள் தனியாக அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தாள். பாகாலாவில் பார்த்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். சந்திரன் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டே கேட்டான். அவள் கிளம்பும்போது, “பொங்கலுக்கு வரட்டும்” என்றான். அவ்வளவுதான். அது கோபமா சமாதானமா என்று அவளால் பிடிக்க முடியவில்லை.

பொங்கல் வரைக்கும் தையல் கடையின் பின்னறையில் நடந்ததை ஊர் பார்த்திருந்தால் கடையையே மூடியிருக்க வேண்டியதுதான். வெட்டுத் துணியைத் தரையில் குவித்துப் பரப்பி, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தாட்சாயணி புருஷனுக்குப் பிடி சொல்லிக் கொடுத்தாள். கோதாவைப் பார்த்து வளர்ந்தவளுக்கு எல்லாம் அத்துப்படி. அவள் தாழ்ந்து வருவாள். சம்பத்தின் கால் தானாகப் பின்னால் போய்விடும்.

“ஓடாதய்யா!”

“நானா ஓடறேன்? காலு போவுது தாட்சா.”

“உன் காலு உன் பேச்ச கேக்கலன்னா வேற யாரு பேச்ச கேக்கும்?”

கை நீளமாக இருந்தால் தூரத்திலிருந்து அடிக்கலாம், ஆனால் மார்போடு மார்பு ஒட்டிவிட்டால் அந்த நீளம் பாரம்தான் என்று அவனுக்கு அங்கே புரிந்தது. நின்று போடும் சண்டையில் இடைவெளிதான் காவல், இதில் இடைவெளிதான் ஆபத்து. எதிராளியின் மூச்சு தன் கழுத்தில் படும்படி ஒட்டிக்கொள்ள வேண்டும். குழந்தை இதையெல்லாம் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது. இரண்டு பேரும் துணிக்குவியலில் கிடந்து சிரித்துத் தீர்த்த நாட்களும் உண்டு. ஆனால் கடைசிவரை சம்பத்தின் பாதம் ஓரடி பின்வாங்காமல் இருக்கவில்லை.

சென்னையும் ஆந்திராவும் ஊர்களை மாற்றிக்கொள்ளச் சில மாதங்களே மிச்சமிருந்த அந்தப் பொங்கலுக்குப் பயில்வான் வீட்டுக் கோதாவைச் சுற்றி ஊரே நின்றது. சந்திரனுக்குத் தொந்தி விழுந்திருந்தது, ஒரு முழங்காலில் துணி சுற்றியிருந்தான். சம்பத் சட்டையைக் கழற்றி மடித்து மனைவியிடம் கொடுத்துவிட்டு இறங்கினான். இந்தத் தடவை முஷ்டி மடக்கவில்லை, விரல்கள் விரிந்துதான் இருந்தன. வரப்பில் தாட்சாயணி அந்தச் சட்டையையும் குழந்தையையும் சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சந்திரன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். முழங்கால் மண்ணில் பட, கை தாழ, முன்னால் வந்தான்.

சம்பத்தின் கால் பின்னால் போனது. ஒரேயொரு அடி. சந்திரன் அப்படியே நின்றான். அவன் முகத்தில் ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் களை ஒரு நொடி வந்துபோனதை எல்லாரும் பார்த்தார்கள்.

பிறகு சம்பத் தன் நீளக் கை இரண்டையும் விரித்துக்கொண்டு தடால் என்று முன்னால் விழுந்து சந்திரனின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். குஸ்தியில் அப்படி ஒரு பிடியே கிடையாது. தொலைந்துபோன மாட்டைக் கண்டவன் கட்டிக்கொள்வதுபோல இருந்தது. சந்திரனுக்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா வேறெதுவா தெரியாது. இருவரும் உருண்டார்கள். எண்ணெயும் மஞ்சளும் வியர்வையுமாகக் கலந்த வாசனை. சம்பத்துக்குச் சொல்லிக்கொடுத்த பிடியெல்லாம் மறந்துபோயிற்று. விடாமல் ஒட்டிக்கொண்டான், அது ஒன்றுதான் ஞாபகம் இருந்தது. சந்திரன் இடுப்பை ஒரு சுழற்று சுழற்றினான். சம்பத்தின் முதுகு மண்ணில் பதிந்தது.

ஊர் ஆரவாரம் செய்தது. வழக்கப்படி அதோடு முடிந்தது. இனி சந்திரன் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும்.

சந்திரன் தூக்கிவிடவில்லை. எழுந்தான். கையை இறக்கினான். பின்னால் நகர்ந்து கோதாவின் மூலைக்குப் போய், மாமரத்தைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான். பழைய கணக்கைத் தீர்க்கிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அப்போது அவன் மரத்தைப் பார்த்தபடியே உரக்கச் சொன்னான்:

“ஒன்னு... ரெண்டு... மூணு...”

யாருக்கும் விளங்கவில்லை. மண்ணில் கிடந்த சம்பத்துக்கு விளங்கிற்று. தவிடு கலந்துகொண்டே சந்திரன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறான். இந்த வீட்டில் எவனும் எவனுக்கும் கொடுக்காத மரியாதையை, சம்பத்தின் மேடை மரியாதையை, இப்போது அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

ஐந்து, ஆறு என்று வந்தபோது சம்பத்தின் முழங்கால் தானாக மடங்கியது. எட்டுக்குள் எழுந்துவிட வேண்டும் என்பது அவன் உடம்பில் ஊறிப்போனது. கீழே கிடந்தபடி ஒருநாளும் பத்து கேட்டதில்லை அந்தக் காது. மடங்கிய காலை அவன் மெல்ல நீட்டிக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டான். முதுகுக்குக் கீழே மண் குளிர்ச்சியாக இருந்தது. எட்டு போயிற்று, ஒன்பது போயிற்று, பத்தும் போயிற்று.

எங்கே நிறுத்துவது என்பதைச் சந்திரன் மறந்துவிட்டான் போலிருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே போனவன் பதினைந்தில் திரும்பிப் பார்த்தான்.

“எய்ந்திருக்க மாட்டியா மாப்ளே?”

“எய்ந்தா சண்ட திரும்ப ஆரம்பிச்சிடும் மச்சான். நான் இங்கியே கீறேன்” என்றான் சம்பத் கண்ணைத் திறக்காமல்.

சந்திரன் ஓடிவந்து இரண்டு அக்குளிலும் கைகொடுத்து அவனைத் தூக்கி நிறுத்தினான். பின்னால் திருப்பி அந்த முதுகைப் பார்த்தான். தோளிலிருந்து இடுப்புவரை செம்மண் அப்பியிருந்தது. அதை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, “வெந்நி போடுங்க!” என்று வீட்டுப் பக்கம் கத்தினான். குரல் உடைந்துவிட்டதை மறைக்க இன்னொரு முறையும் கத்தினான்.

வெந்நீர் காயும்வரை அவனுக்குப் பொறுக்கவில்லை. கோதாவின் கரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தான். மேலெல்லாம் மண், நெற்றியிலிருந்து சேறு வழிந்தது. தங்கையைப் பார்த்துத் தன் தொடையைப் படார் என்று தட்டினான்.

“இன்னாடீ பாத்துகினு நிக்கிற? கொயந்தைய இங்க குந்த வெய்யி. ஆசாரிய கூப்பிடு.”